திறக்காத சென்ட் பாட்டில்

பெருமதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு, தங்கள் மாப்பிள்ளை இரு கரம் கூப்பி எழுதிக்கொள்வது.

வணக்கம். தாங்களும் அத்தையும் ஐஸ் கம்பெனியும், கம்பெனியின் இயந்திரங்களும் எந்தக் குறையும் இல்லாமல் ஓடிக்கொண்டிருக்க வேண்டுகிறேன். இங்கே உங்கள் மகள் நலம். என் நலத்தைப் பற்றி முதல் வரியிலேயே சொல்லிவிட்டால் மேற்கொண்டு படிக்கமாட்டீர்கள் என்பதால் அதைக் கொஞ்சம் தள்ளி வைக்கிறேன்.

போனில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். கல்யாணமான நாளிலிருந்து போனில் என் பங்கு "சரி மாமா", "ஆமாம் மாமா", "வெச்சிடறேன் மாமா" என்ற மூன்றோடு சரி. அதுவும் உங்கள் பின்னால் கம்ப்ரெஸர் ஓடுகிற ஓட்டத்தில் உங்கள் காதில் விழுந்ததா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கடிதம் என்றால் நடுவில் நீங்கள் குறுக்கிட முடியாது. அந்த ஒரு தைரியத்தில்தான் பேனாவை எடுத்திருக்கிறேன்.

நீங்கள் ஜெயித்துவிட்டீர்கள் மாமா. ஐஸ் உடைக்கிற மெஷினுக்குப் பக்கத்தில் எனக்காக ஒரு நாற்காலி காலியாக இருக்கிறது என்று பார்க்கும்போதெல்லாம் சொல்வீர்களே, அதைத் துடைத்து வைக்கச் சொல்லுங்கள். இந்த இன்ஸ்பெக்‌ஷனில் என் வேலை நிரந்தரமாகாவிட்டால் வாத்தியார் உத்தியோகத்துக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு உங்களிடம் வந்துவிடுகிறேன் என்று அத்தை முன்னால் வாய் கொழுத்து வாக்குக் கொடுத்தேன். அந்த இன்ஸ்பெக்‌ஷன் நேற்று நடந்தது. நடந்தது என்று சொல்வதைவிட, என் மேல் ஏறி நடந்து போனது என்று சொல்வதுதான் சரி.

ஆய்வு அதிகாரி பார்க்கப்போகும் பாடம் எது என்று தலைமை ஆசிரியை முன்பே சொல்லியிருந்தார். பொருளின் மூன்று நிலைகள், துகள்களின் நடத்தை, துகள்கள் தாமாகவே பரவிக் கலக்கிற விரவுதல். உங்களுக்குத் தெரியாத விஷயமில்லை. தண்ணீரைத் திடப்பொருளாக்கிவிட்டு நீங்கள் மாடி வீடு கட்டிவிட்டீர்கள். அதே சங்கதியைக் கரும்பலகையில் படம் போட்டுக் காட்டுகிற எனக்கு இருக்கிற நாற்காலியே ஆடுகிறது. திடப்பொருளில் துகள்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு, இருக்கும் இடத்தை விட்டு நகர முடியாமல், அங்கேயே நின்று நடுங்கிக்கொண்டிருக்கும் என்று வருஷா வருஷம் நடத்துகிறேன். தற்காலிக ஆசிரியர்களுக்கு எங்கள் ஆசிரியர் அறையில் போட்டிருக்கும் ஒற்றை பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தால் அந்தப் பாடத்தைப் புத்தகம் இல்லாமலே நடத்தலாம்.

பிள்ளைகளுக்கு மனதில் பதிய வேண்டும் என்று ஒரு நல்ல எண்ணத்தில், முதலில் அவர்களையே துகள்களாக்கி விளையாட்டு மைதானத்தில் நிறுத்தினேன். "திடப்பொருள்" என்றேன், நெருக்கியடித்து நின்று நடுங்கினார்கள். "திரவம்" என்றேன், ஒருவரையொருவர் உரசிக்கொண்டு வழுக்கிச் சுற்றி வந்தார்கள். என் கண்ணே பட்டுவிடும் போலிருந்தது. "வாயு" என்றேன். வாயுத் துகள்கள் கிடைத்த இடமெல்லாம் பரவும், தடுப்பு இல்லாவிட்டால் எல்லையே கிடையாது என்று நான்தான் சொல்லிக்கொடுத்திருந்தேன். அன்றைக்கென்று கேட் திறந்திருந்தது. பாதிப் பேர் வீட்டுக்கே போய்விட்டார்கள் மாமா. மீதிப் பாதியை வாட்ச்மேன் கடைத்தெருவில் தேடிப் பிடித்துக்கொண்டு வந்தார். "சார், நீங்க என்ன பாடம் வேணும்னாலும் நடத்துங்க. ஆனா கேட்டைச் சாத்திட்டு நடத்துங்க" என்று அத்தனை பேர் முன்னால் எனக்குப் புத்தி சொன்னார்.

தலைமை ஆசிரியை என்னை அறைக்குக் கூப்பிட்டார். "இங்க பாருங்க சார், இன்ஸ்பெக்‌ஷன் அன்னிக்கு எனக்கு எந்த ஆச்சரியமும் வேண்டாம். யாரு எப்ப எழுந்திருக்கணும், யாரு எப்ப உட்காரணும், எல்லாம் ஒத்திகை பார்த்து வெச்சிடுங்க" என்றார். மாட்டேன் என்று சொல்கிற இடத்திலா நான் இருக்கிறேன்? அங்கேதான் எனக்குக் கெட்ட காலம் பிறந்தது. அந்தக் கெட்ட காலத்தில் உங்களுக்கும் ஒரு பங்கு உண்டு, கோபப்படாமல் கேளுங்கள். கல்யாணத்தன்று உங்கள் மகளுக்கு ஒரு சென்ட் பாட்டில் கொடுத்தீர்களே, கண்ணாடி மூடி போட்ட நீலப் பாட்டில், அது இதுநாள் வரை திறக்கப்படாமல் எங்கள் அலமாரியில் இருந்தது. ஏன் திறக்கவில்லை என்று நான் கேட்டபோதெல்லாம் உங்கள் மகள், "நல்ல சேதி ஒண்ணு வரட்டும், அன்னிக்குத் திறக்கலாம்" என்பாள். என்னைக் கட்டிக்கொண்டவளுக்கு நல்ல சேதி வருமா? பாட்டில் அப்படியே இருந்தது.

வாயு விரவுவதைக் காட்ட வேண்டுமானால் வகுப்பின் முன்னால் வாசனையுள்ள ஒன்றைத் திறந்து வைக்க வேண்டும். வாசனை எட்டியதும் ஒவ்வொருவராகக் கை தூக்க வேண்டும். முதல் பெஞ்ச், அடுத்த பெஞ்ச், அதற்கடுத்த பெஞ்ச் என்று கைகள் அலை மாதிரி பின்னால் போகும். பார்க்கவே அழகாக இருக்கும். அதற்காக அந்தப் பாட்டிலைக் கேட்டேன். உங்கள் மகள் வெகுநேரம் யோசித்தாள். "நிரந்தரம் ஆச்சுன்னா அதுதானே நல்ல சேதி? எடுத்துட்டுப் போங்க. ஆனா இன்ஸ்பெக்‌ஷன் அன்னிக்குத்தான் திறக்கணும். அதுக்கு முன்னாடி ஒரு சொட்டு குறைஞ்சாலும் நான் சும்மா இருக்கமாட்டேன்" என்று சொல்லிக் கொடுத்தாள். அப்புறம் கொஞ்சம் தயங்கி, "அப்பா வீட்டு மாடிக்குத் திரும்பிப் போறதுக்கா நான் உங்களைக் கட்டிக்கிட்டேன்?" என்றாள். இதை உங்களுக்கு எழுதக் கூடாதுதான், எழுதிவிட்டேன்.

ஆகவே மூடிய பாட்டிலை வைத்தே ஒத்திகை பார்த்தேன். நான் மூடியைத் திருகுவது போல் பாவனை செய்வேன், முதல் பெஞ்ச் கை தூக்கும். பாட்டிலை மேஜையில் வைப்பேன், இரண்டாவது பெஞ்ச் தூக்கும். கைக்குட்டையால் முகத்தைத் துடைப்பேன், நடு பெஞ்சுகள் தூக்கும். கடைசி பெஞ்ச் வரை போனதும் நான், "இதிலிருந்து என்ன தெரிகிறது?" என்று கேட்பேன். "வாயுத் துகள்கள் விரவுகின்றன!" என்று ஒரே குரலில் கூரை அதிரும். பிள்ளைகள் தங்கமான பிள்ளைகள். மூக்கை உறிஞ்சிக்கொண்டு, கண்ணை மூடி, ஆகா என்று முகத்தை வைத்துக்கொண்டு தூக்கினார்கள். ஒத்திகை பார்க்கப் பார்க்க எனக்கே லேசாக வாசனை வர ஆரம்பித்தது.

ஒரே ஒரு பெண் மட்டும் ஒத்துவரவில்லை. அவளுக்கு வகுப்பில் 'சந்தேகம்' என்று பெயர். கூப்பிட்டால் அந்தப் பெயருக்கே திரும்பிப் பார்ப்பாள். அவளும் கை தூக்கினாள், ஆனால் தூக்கிய கையோடு கேள்வி கேட்டாள். "சார், வாசனை எப்ப வரும்?" என்றாள். "வந்ததா நினைச்சுக்கோம்மா" என்றேன். "நினைச்சா துகள் நகருமா சார்?" என்றாள். அவளைக் கடைசி பெஞ்சுக்கு மாற்றினேன், அங்கிருந்தும் கேட்டாள். "கேள்வியெல்லாம் இன்ஸ்பெக்‌ஷன் முடிஞ்சதும் வெச்சுக்கலாம்" என்று கெஞ்சினேன். கடைசியில் வெட்கத்தை விட்டு, "அன்னிக்கு உனக்கு உடம்பு கிடம்பு சரியில்லைன்னா பரவாயில்லைம்மா, வீட்டிலேயே இரு, நான் ஒண்ணும் கேட்கமாட்டேன்" என்றுகூடச் சொல்லிப் பார்த்தேன். "எனக்கு நல்லாத்தான் சார் இருக்கு" என்றாள். நேற்று வகுப்புக்கு முதல் ஆளாக வந்து உட்கார்ந்திருந்தவள் அவள்தான்.

இனி நடந்ததைக் கேளுங்கள். திடப்பொருளுக்கு என்று நீங்கள் அன்போடு அனுப்பிய ஐஸ் பாளத்தைச் சாக்கில் சுற்றியபடியே கொண்டுவந்து, எல்லோருக்கும் தெரிய வேண்டும் என்று சாக்கை அவிழ்த்து, ஜன்னலோரம் ஒரு பெரிய பேசினில் வைத்தேன். அதிகாரி வந்தார். வந்தவர் நேரே வகுப்புக்கு வர வேண்டாமா? தலைமை ஆசிரியை அறையில் காபி, அப்புறம் கட்டடத்தைச் சுற்றிப் பார்த்தல், அப்புறம் இன்னொரு காபி. அதற்குள் வெயில் ஜன்னல் வழியாக வந்து பேசினில் உட்கார்ந்துகொண்டது. அவர் உள்ளே வந்தபோது நான் ஒத்திகை பார்த்த பழக்கத்தில், பேசினைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், "இதோ, திடப்பொருள். இதற்கு நிலையான வடிவம் உண்டு" என்று கையை நீட்டினேன். வகுப்பு கொல்லென்று சிரித்தது. பேசின் நிறையத் தண்ணீர். அதன் நடுவில் வெற்றிலை அளவுக்கு ஒரு சில்லு மிதந்துகொண்டிருந்தது. அதிகாரி, "எதுங்க?" என்றார். "இருந்ததுங்க சார்" என்றேன். மாமா, உங்கள் சரக்கைக் குறை சொல்லவில்லை. அது அதன் சுபாவத்தைத்தான் காட்டியது. உருகுதல் என்று அந்த இடத்திலேயே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அதுவே பாடமாகியிருக்கும். அந்த நேரத்தில் எனக்கு அந்த வார்த்தை வாயில் வரவில்லை.

சரி, திரவமாவது காப்பாற்றும் என்று பார்த்தேன். அசையாத தண்ணீரில் ஓர் ஊதாப் படிகத்தைப் போட்டால், யாரும் கலக்காமலே நிறம் தானாகப் பரவும். அதற்காக ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் பிடித்து, யாரும் மூச்சுக்கூட விட வேண்டாம் என்று காலையிலேயே மேஜையில் வைத்திருந்தேன். டம்ளரைக் காணவில்லை. திரும்பிப் பார்த்தால் அதிகாரி அதைக் குடித்துக்கொண்டிருக்கிறார். தாகமாக இருக்கிறது என்றாராம், எங்கள் பியூன் கைக்கு எட்டியதை எடுத்துக் கொடுத்துவிட்டார். நான் என்ன செய்வேன்? குடித்து வைத்த டம்ளரை வாங்கி, பேசினில் உருகிக் கிடந்த உங்கள் ஐஸ் தண்ணீரையே மொண்டு, படிகத்தைப் போட்டேன். அது நேரே அடியில் போய் உட்கார்ந்தது. அப்படியே இருந்தது. தண்ணீர் சில்லென்று இருந்தால் துகள்களின் ஓட்டம் மந்தமாகிவிடும், நிறம் மெல்லத்தான் பரவும் என்பது எனக்குத் தெரியாதா? அதை வாயைத் திறந்து சொல்ல வேண்டியதுதானே? வகுப்பே மூச்சடக்கி டம்ளரைப் பார்க்கிறது, அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார், நான் அதிகாரியைப் பார்க்கிறேன். கடைசியில் பியூன்தான் மனசு பொறுக்காமல், "கலக்கி விட்டாத்தானே சார் கரையும்?" என்று ஒரு ஸ்கேலை விட்டுக் கலக்கி, டம்ளர் முழுவதையும் ஊதாவாக்கிவிட்டு, என் முதுகில் ஆறுதலாகத் தட்டிவிட்டுப் போனார்.

திடப்பொருள் ஓடிவிட்டது. திரவம் அசையமாட்டேன் என்றது. மிச்சம் வாயு. உங்கள் மகளின் நீலப் பாட்டிலைக் கையில் எடுத்தேன், மூடியைத் திருகினேன். அது அசையவில்லை. இத்தனை வருஷம் திறக்காத கண்ணாடி மூடி கழுத்தோடு இறுகிப் போயிருக்கிறது. பல்லைக் கடித்துக்கொண்டு திருகினேன். நான் திருகுவதைப் பார்த்ததும் முதல் பெஞ்ச் கை தூக்கிவிட்டது. வேண்டாம் வேண்டாம் என்று கண்ணால் சொன்னேன், அவர்கள் இன்னும் உற்சாகமாக மூக்கை உறிஞ்சினார்கள். கை வழுக்கிப் பாட்டிலை மேஜையில் வைத்தேன், இரண்டாவது பெஞ்ச் தூக்கியது. வியர்த்துக் கொட்டியது, என்னையறியாமல் கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்தேன். நடு பெஞ்ச் அத்தனையும் தூக்கியது. மூடிய பாட்டிலிலிருந்து வராத வாசனை அலை அலையாகக் கடைசி பெஞ்ச் வரை போய்ச் சேர்ந்தது. நான் கேட்காமலே, "வாயுத் துகள்கள் விரவுகின்றன!" என்று கூரை அதிர்ந்தது. என் முகத்தில் ஈயாடவில்லை.

அதிகாரி எழுந்து வந்தார். பாட்டிலை எடுத்துப் பார்த்தார், மூடியைத் திருகிப் பார்த்தார், அவருக்கும் வரவில்லை. கடைசி பெஞ்சில் ஒரே ஒரு கை மட்டும் மேஜைமேல் இருந்தது. நேரே அங்கே போனார்.

"நீ ஏம்மா கை தூக்கலை?"

"வாசனை வரலை சார்."

"மத்தவங்களுக்கு வந்திருக்கே?"

"யாருக்கும் வரலை சார். மூடியே திறக்கலையே, எப்படி வரும்?"

"அப்ப ஏன் எல்லாரும் தூக்கினாங்க?"

"சார் பாவம்னு தூக்கினாங்க."

"உனக்குப் பாவமா இல்லையா?"

"பாவமாத்தான் இருக்கு சார்" என்று என்னை ஒரு பார்வை பார்த்தாள். "ஆனா வாசனை வரலையே."

அதிகாரி திரும்பி வந்தார். பாட்டிலை என் கையில் கொடுத்துவிட்டு வெளியே போய்விட்டார். நான் ஆசிரியர் அறைக்குப் போய்ச் சேர்வதற்குள் செய்தி எனக்கு முன்னால் அங்கே போய்ச் சேர்ந்திருந்தது. உள்ளே நுழைந்ததும் கணக்கு வாத்தியார் தமிழம்மாவைப் பார்த்து மூக்கை உறிஞ்சினார், தமிழம்மா கை தூக்கினார். என்னால் அழவும் முடியவில்லை, சிரிக்கவும் முடியவில்லை. உங்கள் மகளிடம் எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னேன். திட்டுவாள் என்று பார்த்தேன். "திறக்கவே இல்லையா?" என்று மட்டும் கேட்டாள். பாட்டிலை வாங்கி, அலமாரியில் வைக்கப் போனவள் வைக்காமல், கூடத்து மேஜையிலேயே வைத்துவிட்டுப் போனாள். நேற்றிலிருந்து அவள் என்னோடு பேசவில்லை. அதுதான் மாமா எனக்குத் தாங்கவில்லை. வேலை போனது ஒரு பக்கம் இருக்கட்டும், அவள் எதிர்பார்த்துக்கொண்டிருந்த அந்த ஒரு நல்ல சேதியைக்கூட என்னால் கொண்டுவந்து கொடுக்க முடியவில்லை.

ஆகவே வருகிறேன். மாடி அறையில் கிடக்கும் பழைய சாமான்களை எடுத்துவிட்டு எங்களுக்கு ஒதுக்கித் தாருங்கள். "வாத்தியார் வேலை எல்லாம் வேலையா?" என்று நீங்கள் கேட்டபோது முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டதற்கு மன்னியுங்கள். இனி ஐஸைப் பற்றி உங்களுக்கு எதுவும் விளக்கமாட்டேன். தண்ணீர் உறைந்தால் ஏன் மிதக்கிறது என்று சாப்பிடும்போது சொல்லமாட்டேன். தூக்கச் சொன்னால் தூக்குவேன், உடைக்கச் சொன்னால் உடைப்பேன். அந்த நாற்காலியில், இருக்கும் இடத்தை விட்டு நகராமல், நடுங்கிக்கொண்டே உட்கார்ந்திருப்பேன். அங்கே நடுங்குவதற்குக் குளிராவது ஒரு காரணமாக இருக்கும்.

அத்தைக்கு என் நமஸ்காரம். கம்பெனி ஆட்கள் எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்லவும். உங்கள் ஆசி ஒன்றையே நம்பி,

இப்படிக்கு,
உங்கள் மாப்பிள்ளை.

பின்குறிப்பு: மாமா, மேலே எழுதியதை எல்லாம் படிக்க வேண்டாம். படித்திருந்தால் மறந்துவிடுங்கள். உறையை ஒட்டப்போகும் நேரத்தில் தலைமை ஆசிரியை போன் செய்தார். "அதிகாரி இப்பத்தான் பேசினார் சார். இந்த சென்ட் பாட்டில் பாடத்தை அவர் எத்தனையோ ஸ்கூல்ல பார்த்திருக்காராம், எங்க போனாலும் எல்லாரும்தான் கை தூக்குவாங்களாம். வரலைன்னா வரலைன்னு வாத்தியார் எதிர்லயே சொல்ற பிள்ளையை இங்கதான் பார்த்தாராம். பயமில்லாம பேச விட்டிருக்கார், அந்த வாத்தியாரை விட்டுடாதீங்கன்னு சொல்லிட்டார். உங்களை நிரந்தரமாக்கச் சொல்லியாச்சு" என்றார். அந்தப் பெண்ணின் வாயை மூட நான் பட்ட பாடு அந்த அதிகாரிக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். சந்தோஷத்தில் குதிக்கவும் முடியாமல், அவமானத்தில் உட்காரவும் முடியாமல் அப்படியே நின்றேன். ஒன்று முடிவு செய்திருக்கிறேன். அடுத்த வாரம் அந்தப் பாடத்தை ஒத்திகை இல்லாமல் மறுபடி நடத்துவேன். யாருக்கு எப்போது வருகிறதோ அப்போது தூக்கட்டும், வராதவர்கள் தூக்க வேண்டாம். தயவுசெய்து இன்னொரு ஐஸ் பாளம் அனுப்புங்கள், இந்தத் தடவை உருகட்டும், உருக வைத்தே நடத்துகிறேன்.

உங்கள் மகளிடம் இதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. அவள் சமையலறையில் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள், போன் பேசியது அவள் காதில் விழவில்லை. மேஜையில் பாட்டில் இருந்தது. கண்ணாடி சூடானால் கொஞ்சம் விரியும் என்பது எங்கள் புத்தகத்தில் அடுத்த பாடம் மாமா, அது நேற்று என் மண்டையில் உறைக்கவில்லை. துணியை வெந்நீரில் நனைத்துப் பிழிந்து, பாட்டிலின் கழுத்தில் சுற்றிப் பிடித்துக்கொண்டு திருகினேன். கிளிக்கென்று வந்துவிட்டது. பாட்டிலைத் திறந்து மேஜையில் வைத்துவிட்டுக் காத்திருந்தேன். முதலில் எனக்கு வந்தது. கொஞ்ச நேரம் கழித்துச் சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது. உங்கள் மகள் கதவருகே வந்து பாட்டிலைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள். சோப்பு நுரை முழங்கை வரை வழிய, மெதுவாகக் கையைத் தூக்கினாள்.